கொப்பியில் இல்லாத அரைக் குளிசை

என் மூத்த சகோதரி ஸைனம்பு ராத்தாவிடம் என்ன குளிசை குடிக்கிறீங்க என்று கேட்டால் நிறத்தைச் சொல்வார். காலையில் பெரிய வெள்ளை, பகலில் மஞ்சள், படுக்கும்போது சின்ன வெள்ளையில் பாதி. எதற்கு என்று கேட்டால், "டொக்டர் தந்தது, குடிக்கிறேன்" என்பார். எங்கள் ஊர் உக்குவளையில் இருக்கிற வரைக்கும் அது போதுமாக இருந்தது. கட்டாருக்குப் போகப் போகிறார் என்றதும்தான் வினை வந்தது.

கட்டாரில் அவருடைய ஒரே மகள் றிஸ்லா இருக்கிறாள். வயிற்றில் தலைப்பிள்ளை. உம்மா பக்கத்தில் இல்லாமல் பிள்ளைப்பேறா? மருமகன் ஸுஹைல் விசாவும் டிக்கட்டும் அனுப்பினார். அனுப்பிவிட்டு, போனில் ஒரு குண்டையும் போட்டார்.

"மாமி, குளிசை கொண்டு வாறதுனா உங்க பேர்ல டொக்டர் எழுதின துண்டு இருக்கணும். சில நித்திரைக் குளிசை, நரம்புக் குளிசைக்கெல்லாம் இங்க கடும் சட்டம். துண்டு இல்லாம பிடிபட்டா எயார்போட்லயே உள்ளுக்குப் போட்டாலும் போடுவாங்க."

ராத்தாவுக்கு அந்த 'உள்ளுக்கு' மட்டும்தான் காதில் ஏறியது. போனை என் கையில் திணித்துவிட்டுக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். அன்றிலிருந்து வீடு சந்தைக்கடைதான். பின்வீட்டு மாமி, எல்லாக் குளிசையையும் பெரிய பேக்கில் போடச் சொன்னார். தகப்பனின் தம்பியான சாச்சா, பேக்கில் போடவே கூடாது, கையில்தான் கொண்டு போகணும் என்றார். இன்னொருத்தி, குளிசையே வேண்டாம், அங்கே போய் வாங்கலாம் என்றாள். ராத்தா எல்லாருக்கும் தலையாட்டினார். எல்லாரும் போன பிறகு, "இதுல யாரு சொன்னதைக் கேக்கிற?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முன்வீட்டு ஜெஸீமாவின் யோசனைதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. "ராத்தா, அந்தச் சின்னக் குளிசைய மட்டும் மிளகாய்த்தூளுக்குள்ள போட்டுடுங்க. மோப்பம் பிடிக்கிற நாய்க்கே மூக்கு எரியும்" என்றாள். சின்னது மட்டும் ஏன் என்று அப்போது ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த ஜெஸீமா யார் என்று சொல்ல வேண்டும். ராத்தாவின் கணவர், என் மச்சான், தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மௌத்தானார். கணவர் இறந்தால் பெண்கள் இருக்கும் இத்தாவில் ராத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது என்பதில் ராத்தா பிடிவாதக்காரி. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், மார்க்கத்தில் தடையில்லை என்று நான் தொண்டை வற்றச் சொல்லியும் கேட்கவில்லை. அதனால் ஜெஸீமா, மருந்து எழுதும் தன் கிளினிக் கொப்பியோடு ராத்தாவின் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மாத்தளைக்குப் பஸ் ஏறினாள். வரிசையில் நின்று இரண்டு பேருக்கும் மருந்து வாங்கி வந்தாள். இத்தா முடிந்தது. பழக்கம் முடியவில்லை. ராத்தாவைக் கிளினிக்கில் பார்த்து இரண்டு வருஷம்.

எனக்கு ஜெஸீமாவோடு எப்போதும் ஒரு கிண்டல் உண்டு. ராவில் எந்நேரம் எழும்பிப் பார்த்தாலும் அவள் குசினியில் லைட் எரியும். "நடுச்சாமத்துல தஹஜ்ஜுத் தொழுது தொழுது நேரா சுவர்க்கம்தான் உனக்கு. எங்களுக்கும் ஒரு இடம் பிடிச்சு வை" என்பேன். அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

துண்டு எடுக்க ராத்தாவைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். லேடி டொக்டர் என்னென்ன குளிசை என்று சிங்களத்தில் கேட்க, ராத்தா ஜாம் போத்தலைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். எல்லாக் குளிசையும் ஒரே போத்தலில். எனக்கு மானம் போனது. டொக்டர் கோபிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தார். பெரிய வெள்ளை பிரஷருக்கு. மஞ்சள் சீனி வருத்தத்துக்கு. அரைத் துண்டுகளைக் கையில் எடுத்ததும் கொப்பியைப் புரட்டினார். முன்னுக்கும் பார்த்தார், பின்னுக்கும் பார்த்தார்.

"இது உங்க கொப்பியில இல்லையே. யார் தந்தது?"

"நீங்கதான் தந்தது" என்றார் ராத்தா.

"நான் தரல்ல அம்மா. இது நரம்புக் குளிசை, நித்திரைக்கும் குடுக்கிறது. உங்களுக்கு எழுதாத மருந்துக்கு நான் எப்படித் துண்டு தாறது? இதோட போனாத்தான் உங்களுக்குக் கரைச்சல்."

"அப்ப இன்னைக்கே விட்டுடுறேன்."

"அப்படித் திடீர்னு விடவும் கூடாது. உடம்பு பழகியிருக்கு. நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். போறதுக்கு இன்னும் நாள் இருக்குதானே."

ராத்தா என்னைப் பார்த்தார். "குடிச்சாலும் குத்தம், விட்டாலும் குத்தமா? எனக்குத் தலை சுத்துது புள்ள." எனக்கும்தான் சுற்றியது. மருந்து வாங்கி வந்தது ஜெஸீமா என்றதும் டொக்டர், "அவங்களையும் ஒருக்காக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போதே என் வாய் துடித்தது. ராத்தாவை உள்ளே தள்ளப் பார்த்தாளே, மிளகாய்த்தூளாம் மிளகாய்த்தூள். இறங்கியதும் நேரே முன்வீட்டுக்குத்தான் போனேன். ஜெஸீமா முற்றத்தில் பாய் விரித்துக் கராம்பு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ராத்தா முந்திக்கொண்டார்.

"அந்த அரைக் குளிசை டொக்டர் தரல்லயாம். எங்க இருந்து ஜெஸீமா?"

ஜெஸீமா கராம்பைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "இத்தாவுல இருக்கக்கொள்ள நீங்க விடிய சுபஹ் வரைக்கும் அழுவீங்க. என் ஜன்னலுக்குக் கேக்கும். நான் என்ன செய்ற? டொக்டர் தந்ததுன்னு சொன்னேன். இல்லாட்டி குடிப்பீங்களா?"

"அது யாருட குளிசை?"

"என்ட."

"உனக்கு எத்தனை தாறாங்க?"

"ராவைக்கு ஒண்டு."

ராத்தா பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எந்தக் குளிசை எதற்கு என்று தெரியாதவர்தான். ஆனால் ஒன்றைப் பிளந்தால் இரண்டு பாதி என்பது அவருக்கும் தெரியும்.

"அப்ப நீ ரெண்டு வருஷமா?"

"நான் பாதியோட சமாளிச்சேன்" என்றாள் ஜெஸீமா.

நான் ஏச வந்தவள். எனக்கு அந்தக் குசினி லைட் நினைவுக்கு வந்தது. நன்மை செய்தாளா, நாசம் செய்தாளா? இன்றைக்கும் எனக்கு முடிவு தெரியாது. அவளைக் கட்டிப் பிடிக்கவும் தோன்றியது, கன்னத்தில் ஒன்று வைக்கவும் தோன்றியது. ராத்தா அவளோடு சேர்ந்து கராம்பில் காம்பு பொறுக்கத் தொடங்கினார்.

அடுத்த கிளினிக்குக்கு மூன்று பேரும் போனோம். ஜெஸீமாவுக்கு டொக்டரிடம் நன்றாக ஏச்சு விழுந்தது. அவளுடையதை ஒழுங்காக முழுதாகக் குடிக்கச் சொன்னார். ராத்தாவுடையதைப் படிப்படியாகக் குறைத்தார். அந்த நாட்களில் ராத்தா தூக்கமில்லாமல் எரிந்து விழுந்ததெல்லாம் என் மேல்தான். ஆனாலும் கடைசியில் அரைக் குளிசை நின்றது. பிரஷருக்கும் சீனிக்கும் மட்டும் பேர் போட்ட கவர்கள், ராத்தா பேரில் துண்டு. ஸுஹைலுக்குப் படம் எடுத்து அனுப்பினோம். அவர் அங்கே விசாரித்துவிட்டு, "இனிப் பயமில்லாம வாங்க மாமி" என்றார்.

கட்டுநாயக்க எயார்போட்டுக்குப் போக வேன் வந்தபோது வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. முதல் நாளே ஜெஸீமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், சுபஹ் தொழுததும் வருவேன், நான் வராமல் வெளிக்கிடக் கூடாது என்று. வேன்காரர் அவசரப்பட்டார். ராத்தா கேட்டடியில் நின்று முன்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குசினியில் லைட் இல்லை. கதவும் திறக்கவில்லை.

"நான் போய்த் தட்டுறேன்" என்று கிளம்பினேன். ராத்தா என் கையைப் பிடித்தார்.

"வேணாம். தூங்கிறா."

வேன்காரர் ஹோன் அடிக்கக் கையை வைத்தார். ராத்தா அதையும் வேண்டாம் என்று சைகை காட்டினார். பிறகு அந்த மூடிய கதவைப் பார்த்து மெதுவாக ஸலாம் சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கேட்டைச் சாத்தி வேனில் ஏறினார்.