எழுத்துப் பக்கம்

சித்திரக்குளம் ஜெயலக்ஷ்மியின் வீட்டில் பொட்டு வாங்காத பொருளே கிடையாது. ஃபிரிட்ஜ், கேஸ் சிலிண்டர், ஏன், தண்ணீர் மோட்டாருக்குக்கூட வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், குங்குமம் உண்டு. அப்படிப்பட்டவள் ஆசை ஆசையாய்க் கம்ப்யூட்டர் வாங்கினால் சும்மா விடுவாளா?

தேனாம்பேட்டையில் ஆடிட்டர் சுவாமிநாதனிடம் டைப்பிஸ்டாக இருந்தே அவள் பாதி வயது கழிந்துவிட்டது. டைப் அடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு எழுத்து தப்பினாலும் பேப்பரைக் கசக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிக்கச் சொல்கிற மனுஷன் அவர். தொண்ணூற்றேழில் ஒருநாள், போதுமடா சாமி என்று எழுந்து வந்துவிட்டாள். வாசல் அறையில் சொந்தமாக ஒரு டி.டி.பி. சென்டர் வைத்து, கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா எல்லாம் அடித்துக் கொடுக்கலாம் என்று கனவு. ஆடிட்டரோ, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உன் நாற்காலி காலியா இருக்கும். அப்புறம் வேற ஆள் போட்டுடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

அதே வெள்ளிக்கிழமைதான் கம்ப்யூட்டரில் ஓ.எஸ். ஏற்றவும் நாள் குறித்திருந்தது. அது ஏறினால்தான் கம்ப்யூட்டர். இல்லாவிட்டால் வெறும் டப்பா. பாகங்களைச் சேர்த்து அதைப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் கடைக் கரீமுல்லா சொன்ன நேரத்துக்கு வரவில்லை. ராகுகாலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் கடைக்குப் போன் போட்டாள்.

"நேத்து குடுத்த ஓ.எஸ். சிடிய நீயே போட்டுடுக்கா. எழுத்து கீற பக்கம் மேல வரணும், அவ்ளோதான்" என்றான் அவன். அவளும் நல்ல நேரத்தில் அப்படியே போட்டு மூடினாள்.

பிறகு வந்த கரீமுல்லா, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் பொட்டும் பூவுமாக இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையை ஆரம்பித்தான். திரையில் நீலக் கோடு பாதி தூரம் ஓடி, நின்றது. மவுஸும் அசையவில்லை. அணைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். அதே இடத்தில் அதே முரண்டு. கேபிளை மாற்றினான், வேறு ஹார்ட் டிஸ்க்கும் போட்டுப் பார்த்தான். ஊஹும்.

"இன்னாக்கா இது, சண்டி மாடாட்டம் நின்னுக்கினு கீது!"

ஜெயலக்ஷ்மி கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடியும் அந்த நாற்காலியா? காபியை அவன் பக்கத்தில் வைக்கும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சிடி மேலதான் டவுட்டு. வேற மிஷின்ல போட்டுப் பாக்கறேன்" என்று கரீமுல்லா டிரேயைத் திறந்து, சிடியை எடுத்துத் திருப்பினான். பளபளக்கும் அடிப்பக்கத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். நன்றாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

"அக்கா, இதுக்குமா?"

"பின்னே? எல்லாத்துக்கும் வெச்சுட்டு அதை மட்டும் விடுவேனா?"

"மிஷின் படிக்கறதே இந்தப் பக்கம்தான்க்கா!"

"கண்ணாடியாட்டம் பளபளன்னு இருக்கே, அதான் முகம்னு நினைச்சேன். முதுகுல யாராவது பொட்டு வைப்பாளோ?"

கரீமுல்லா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தான். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தவள், தானும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிடியை ஈரப் பஞ்சால் துடைத்து, உலர்த்தி, மறுபடி போட்டார்கள். நீலக் கோடு ஓடி, வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"என்ன ஜெயலக்ஷ்மி, திங்கட்கிழமை வரியா?" ஆடிட்டர்தான்.

"ஒரு நிமிஷம் சார்."

கோடு தயங்கியது. பிறகு தாண்டி, ஓடு ஓடென்று ஓடியது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நான் வரலை சார். உங்க லெட்டர்ஹெட் தீர்ந்துபோயிருக்குமே, மாதிரிக்கு ஒண்ணு இங்கே கொடுத்தனுப்புங்கோ. ஜோரா அடிச்சுத் தரேன்."

அந்தப் பக்கம் ஒரு கனைப்பு. "சரி, முதல் ஆர்டர் என்னோடதாவே இருக்கட்டும். மேலே பிள்ளையார் சுழி போட மறந்துடாதே."

"மறப்பேனா சார்? எழுத்துப் பக்கமாப் பாத்தே போட்டுடறேன்."

கரீமுல்லாவுக்குக் காபி புரையேறியது.