கோழி தின்ற சோறு

கொல்லை வேப்பமரத்தடியில் நசுங்கிய அலுமினிய வட்டில் ஒன்று ஓராண்டாகக் கிடந்தது. எங்கள் நாய் சோறு தின்ற வட்டில். எறிந்துவிட என் மனைவி சம்மதிக்கவில்லை. ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

சென்ற கோடையில் எங்கள் கரிசல் நிலத்தில் எருவுக்காக ஆட்டு மந்தையை அடைத்துக் கிடை போட்டிருந்தோம். நாய் வீட்டை மறந்து ஆடுகளோடு அங்கேயே புரண்டு கிடந்தது. கிடை வேறு ஊருக்குப் பெயர்ந்த சில நாட்களில், வீடு திரும்பிய நாய் சோர்ந்து படுத்துவிட்டது. கிடை போனால் நாய் ஏங்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"ஏங்க, டாக்டர்ட்ட காட்டிருவமா?" என்றாள் மனைவி.

"உங்க அண்ணன் வந்துட்டுப் போனா நீயுந்தான் மூஞ்சியத் தொங்கப் போடுத. ஊசியா போட்டோம்?"

மூட்டுவலியால் அவள் கொல்லைப்படி இறங்குவதில்லை. அடுக்களையிலிருந்தே கேட்பாள்: "தின்னுச்சா?" வட்டில் சோற்றைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன, நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. "தின்னுச்சு" என்றேன். அந்த வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு ஆட்டோ பிடித்துப் போக அலுப்பு. வேறு காரணமில்லை. மறுநாளும் அதையே சொன்னேன்.

மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் கொண்டுபோனோம். கால்நடை மருத்துவர் உதட்டை விலக்கினார்; ஈறு வெளுத்துக் கிடந்தது. கிடையில் ஒட்டிய உண்ணியால் வந்த காய்ச்சல் என்றார்.

"தீனி எடுத்துச்சாம்மா?"

"நேத்து வரைக்கும் தின்னுச்சு சார். இவிய கண்ணால பாத்தாவ."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தேன்.

"அப்படின்னா வெளிய தெரியாம உள்ளுக்குள்ளயே இருந்திருக்கு. உங்க மேல தப்பில்லம்மா."

நாய் மருத்துவரின் மேசையிலேயே உயிர்விட்டது. திரும்பும் வழியில் ஆட்டோவில் மனைவி என் கையைப் பிடித்து, "வெளிய தெரியலையே, நாம என்ன செய்ய?" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். வீடு வரும்வரை அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கோடையில் பக்கத்து நிலத்தில் கிடை போட்டிருக்கிறார்கள். நேற்று கிடை நாய் ஒன்று கொல்லைக்குள் வந்து நின்றது. "பாவம், அந்த வட்டில்லயே வைங்க" என்று மனைவி சோற்றை நீட்டினாள். வட்டிலைக் கழுவி வைத்தேன். நாய் மோந்து பார்த்துவிட்டுக் கிடைக்கே ஓடிவிட்டது. கோழிகள் வந்தன.

"தின்னுச்சா?"

அதே கேள்வி, அதே குரல்.

"இல்ல. கோழிதான் தின்னுது" என்றேன். "அன்னைக்கும் கோழிதான் தின்னுச்சு."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. கொல்லைப்படியில் அவள் கால் வைக்கும் சத்தம் கேட்டது. நான் வட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.