எல்லோருக்கும் பின்னால் வருகிறவள்

அந்த சைக்கிள் பயண கம்பெனியில் அவளை எல்லோரும் 'வால்' என்றுதான் கூப்பிடுவார்கள். மலையுச்சியிலிருந்து சமவெளி வரை சைக்கிள் ஓட்டப் பணம் கட்டி வருகிறவர்களில் யார் கடைசியோ, அவருக்கும் பின்னால் வருவது அவள் வேலை. பஞ்சர் ஒட்டுவாள், அறுந்த செயினைக் கோப்பாள், மயங்கினவருக்குத் தண்ணீர் கொடுப்பாள். முந்த மட்டும் கூடாது. ஒரு வளைவு தள்ளியே வரவேண்டும். நெருங்கினால் விரட்டுவதுபோல வாடிக்கையாளருக்குத் தோன்றுமாம்.

முன்பு அப்படியொரு வேலையே கிடையாது. ஒரு மழைநாளில் வளைவில் விழுந்துகிடந்த ஒருவரைக் கவனிக்காமல் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். விடிந்து தேடியபோது உயிர் இல்லை. தலையெழுத்து என்றார் முதலாளி. பின்னால் ஓர் ஆளைப் போடாமல் விட்டது யார் எழுதிய எழுத்து என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. இறந்தவர் வீட்டு வக்கீல் கேட்டிருப்பார் போல. மறுமாதமே இவளை வேலைக்கு எடுத்தார்கள்.

மலையைப் பற்றிக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. முதுகுகளைப் பற்றிச் சொல்லுவாள். சட்டையில் வியர்வை படர்வதைப் பார்த்தே ஆள் இன்னும் எவ்வளவு தாங்குவார் என்று சொல்லிவிடுவாள். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதும், கணவரை அடக்கம் செய்தபோதும், கூட்டம் கலைந்த பிறகுதான் அவளால் வந்து சேர முடிந்தது. "நீ அப்படித்தாம்மா," என்பாள் மகள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம்.

நர்ஸ் படித்த அந்த மகளுக்குக் கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த பயணம் முடிகிற ஊரிலிருந்து, அது முடிகிற நாளிலேயே, ஐந்து மணி பஸ்ஸில் கிளம்புகிறாள். போனால் வருஷக்கணக்கில் திரும்ப முடியாது. வால் லீவு கேட்டாள்.

"டூர் முடியற ஊருதானே? ரெண்டையும் ஒண்ணா முடிச்சுக்கோ," என்றார் முதலாளி, பெரிய உபகாரம் செய்கிறவர் போல.

பயணத்தின் கடைசி நாள். மதியத்துக்குள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், ஒரு பல் டாக்டரைத் தவிர. அறுபதைத் தாண்டியவர். ஒவ்வொரு வளைவிலும் நின்றார், தண்ணீர் குடித்தார், திரும்பிப் பார்த்தார். அவர் நின்றால் அவளும் நின்றாள். அவர் கிளம்பினால் கிளம்பினாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. முதுகுப் பையில் ஸ்பேனர்கள் கனத்தன. சாமான் வேன் எப்போதோ கீழே போய்விட்டது. போனில் சிக்னல் இல்லை.

வெயில் சாயத் தொடங்கியதும் அவள் பொறுமை இழந்தாள். வளைவு இடைவெளியை விட்டுவிட்டு நேரே அவரிடம் போனாள்.

"டாக்டர் சார், கால் வலிக்குதா? முடியலைன்னா சொல்லிடுங்க, சிக்னல் கிடைச்சதும் வேனைக் கூப்பிடறேன்."

"எனக்கா? நான் குதிரை மாதிரி இருக்கேன். உங்களுக்குத்தான் முடியலையேன்னு நின்னு நின்னு வர்றேன்."

"எனக்கு முடியலையா?"

"முதல் நாள்லேருந்து பாக்கறேன். எல்லாரும் பறக்கறாங்க, நீங்க மட்டும் திணறிக்கிட்டுப் பின்னால வர்றீங்க. மலையில தனியா விட்டுட்டுப் போக மனசு வரலை."

அவள் தடுப்புக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், நான் கம்பெனி ஆளு. கடைசியா வர்றவங்களுக்குப் பின்னால வர்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"கைடு, டிரைவர், சமையல்காரர்னு எல்லாரையும் அறிமுகப்படுத்தினாங்களே. உங்களைச் சொல்லவே இல்லையே."

"அப்ப நான் கொட்டகைக்குப் பின்னால உங்க வண்டிக்குத்தான் டியூப் மாத்திக்கிட்டிருந்தேன்."

மழைநாளில் செத்தவரைப் பற்றியும், மகளின் ஐந்து மணி பஸ்ஸைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வாயைத் திறக்க வைக்கிறதுதான் என் தொழிலே. உங்ககிட்ட தோத்துட்டேன். சரி, நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வந்துக்கறேன்."

"நான் முந்தக்கூடாது சார்."

"இங்க யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்காமதான் அந்த ஆளு செத்தாரு."

டாக்டர் சைக்கிளில் ஏறி மிதித்தார். அத்தனை நாளும் அடக்கி வைத்த வேகமெல்லாம் வெளியே வந்தது. அவளால்தான் ஈடுகொடுக்க முடியவில்லை. மலை முடிந்து சமதரை வந்தது. எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. அவர் வேகத்தைக் குறைத்து, "என் முதுகோட ஒட்டிக்கிட்டு வாங்க, காத்தை நான் வாங்கிக்கறேன்," என்றார். ஒட்டிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் பின்னால் வருவது சுகமாக இருந்தது அன்று ஒருநாள்தான்.

பஸ் நிலையத்தில் ஐந்து அடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது. மகள் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள் மகள்.

"ம்."

மகளிடம் சொல்வதற்கு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். ஜாக்கிரதையாக இரு, பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே, சம்பளத்தைப் பிடித்து வைத்தால் வாய்மூடிக் கிடக்காதே. பெஞ்சில் சாய்ந்தாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"அம்மா, பஸ் வந்திருச்சு."

மகளின் தோளில் கிடந்தது அவள் தலை.

"எழுப்ப மாட்டியாடி?"

"எழுப்பினேன். 'சார், வலது பக்கமா ஓட்டாதீங்க'ன்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிட்டே."

இருவரும் சிரித்தார்கள். பாஸ்போர்ட் விஷயத்தை மட்டும் படிக்கட்டு வரை வந்து சொல்ல முடிந்தது. பஸ் போய்விட்டது. அதற்குள் போன் அடித்தது. சைக்கிள்களை இன்றைக்கே கழுவி வேனில் ஏற்ற வேண்டும், எங்கே தொலைந்தாய் என்று கைடு கேட்டான். சீட்டில் ஏற முழங்கால் மடங்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அந்த ஊரில் கம்பெனி வைத்திருந்த கொட்டகைக்கு நடந்தாள்.