சூசைராஜ் வாசிக்காத பாட்டு

அந்தப் படத்தின் இயக்குநர் பொய் சொன்னார். நிறைந்த கூட்டத்தில் சொன்னார். படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பேண்டு செட் நடத்தும் கிளாரினெட் கலைஞர் சூசைராஜைப் பற்றி 2008-இல் ஆவணப்படம் எடுத்தோம். சிதம்பரம் கீழ வீதியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. ஆட்டோ ஹாரன், ஜெனரேட்டர், வெடிச்சத்தம். "சத்தத்த ஸ்டூடியோவுல சேத்துக்கலாம்யா," என்றார் இயக்குநர். அவர் பேச்சை நான் கேட்கவில்லை. நீளக் கம்பில் மாட்டிய பூம் மைக்கைத் தூக்கிப் பிடித்தபடி ஊர்வலம் முழுக்கப் பின்னோக்கியே நடந்தேன். சூசைராஜ் மூச்சு இழுப்பதுகூடப் பதிவில் கேட்கும். அதைவிட நல்ல பதிவை நான் செய்ததில்லை. வேறு யாரும் செய்து நான் கேட்டதுமில்லை.

மறுநாள் சூசைராஜின் வீட்டு வாசலில், சாவு ஊர்வலத்துப் பாட்டை வாசிக்கச் சொன்னார் இயக்குநர்.

"பொணம் இல்லாம அத வாசிக்க மாட்டோம் சார்," என்றார் சூசைராஜ்.

"சும்மா நடிப்புதானே. யாரும் சாகப் போறதில்ல."

டிரம் அடிக்கும் சூசைராஜின் மச்சான் குறுக்கே வந்தார். "அப்ப நீங்க படுத்துக்குங்க சார். மால நாங்க வாங்கியாறோம்."

சூசைராஜ் சிரிக்கவில்லை. "சாவுப் பாட்ட சும்மா வாசிச்சான்னு தெரிஞ்சா அபசகுனம்பாங்க, நாளைக்கு எந்தக் கல்யாண வீட்ல சார் என்னக் கூப்புடுவாங்க? நடிப்புன்னா நடிகர வெச்சி எடுங்க. இது என் படம்னு சொல்லித்தான வந்தீங்க?"

"சரி, விட்டுடுவோம்."

விடவில்லை. கடலூரில் படத்தைத் திரையிட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. யாருக்கோ பேண்டு செட்டின் சிவப்புக் கோட்டு மாட்டி, முதுகுப்பக்கமாக அந்தக் காட்சியை எடுத்திருந்தார். வாசிப்பு சென்னை ஸ்டூடியோவில் பதிந்தது. "சூசைராஜ் அழுதுகிட்டே வாசிச்சார்," என்று மேடையில் வேறு சொன்னார். கூட்டம் கைதட்டியது. சூசைராஜ் எழுந்து வெளியே போனார்.

அந்த வாரமே குடிகாடு என்ற ஊரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் சூசைராஜிடம் வந்தார்கள். "வேற செட்டு பாத்துக்கிட்டோம் மாமா. பொண்ணு வீட்ல ஒரு மாதிரி பேசுறாங்க."

இயக்குநருக்குப் போன் செய்தேன். "படத்துக்கு உணர்ச்சி வேணும்யா," என்றார். என் பெயரை டைட்டிலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். உயிரோடு இருக்கும் கலைஞரைப் படம் எடுத்தால், அவர் மாட்டேன் என்று சொல்வதும் படத்தில் இருக்க வேண்டும். அன்று வாசலில் நடந்த பேச்சை முழுக்கப் பதிந்து வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்.

இயக்குநர் கடலூருக்கு வரட்டும். சூசைராஜை எதிரில் வைத்துக்கொண்டு ஊரறியச் சொல்லட்டும்: அந்தக் காட்சியில் வாசித்தது யார்?