கைக்குட்டை நழுவிய இடம்

மாதத்தில் ஒரு நாள் எங்கள் தெரு வாயை மூடும். மின்வாரியம் பராமரிப்பு என்று சொல்லி காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால், திரும்பி வர மாலை ஐந்தாகும். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருவில் குடியிருக்கிறவனுக்குத்தான் அந்த நாளின் அருமை தெரியும். மற்ற நாட்களில் இரண்டு பக்கச் சுவரும் தடதடத்து, அலமாரியில் வைத்த டம்ளர் யாரும் தொடாமலே விளிம்புக்கு வந்து நிற்கும். ஊரே ஃபேன் ஓடவில்லை என்று புலம்புகிற அந்த நாளுக்காக நான் ஒருவன் மட்டும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முந்தின நாளே லேப்டாப்பில் முழுக்க சார்ஜ் ஏற்றி, கஷ்டமான ஒலிகளை எல்லாம் அன்றைக்கென்று ஒதுக்கி வைத்துவிடுவேன்.

பழைய படங்களின் ஒலியைச் சுத்தம் செய்வது என் தொழில். சென்னையில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, மாமனார் கட்டிய இந்த வீட்டுக்கு மனைவியோடு வந்து சேர்ந்தேன். சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன் வந்து உட்கார்ந்த இடம் தறித் தெரு. விதி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? அடுத்த வீட்டுத் தறிக்காரர் என்னைப் பற்றி ஊரில் சொல்லி வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். "அவுகளுக்கு என்ன, வெளிநாட்டுப் படம் பாத்துக்கிட்டே சம்பளம் வாங்குதாக." நானும் மறுத்ததில்லை. ஆறு நிமிஷப் படத்தை ஆறு நாள் பார்ப்பது எப்படி இருக்கும் என்று விளக்கப் போனால் மனுஷன் தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார், அவருக்குத்தான் நஷ்டம்.

அந்தக் காலப் படங்களில் ஒலி, ஃபிலிமின் ஓரத்திலேயே ஒரு கறுப்பு வெள்ளைக் கோடாக ஓடும். கோட்டில் விழுந்த கீறல், தூசி, பூஞ்சை எல்லாமே சத்தமாக மாறிவிடும். எது மனிதன் எழுப்பிய சத்தம், எது காலம் எழுப்பிய சத்தம் என்று பிரித்து, இரண்டாவதை எடுத்துப் போட வேண்டும். எடுத்துப் போட்டதையும் தூக்கி எறியக்கூடாது. தனியாக ஒரு ஃபைலில் சேர்த்து, அனுப்பும் முன் அதை மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். அரிசி புடைத்த பிறகு, முறத்திலிருந்து விழுந்ததை ஒருதரம் கையால் அளைந்து பார்ப்பார்களே, நல்ல மணி ஏதும் போய்விட்டதா என்று, அதுபோல. அதனால் அந்த ஃபைலுக்கு நான் வைத்த பெயர் தவிடு. என் வேலையில் மீறக்கூடாத விதி என்று ஒன்று இருந்தால் அது தவிட்டைக் கேட்பதுதான். அதை ஒரே ஒரு தடவை மீறினேன்.

அது ஒரு ஹங்கேரியப் படம். அங்கே சினிமா பேசத் தொடங்கிய புதிதில், முப்பதுகளில் எடுத்தது. புடாபெஸ்டில் இருக்கும் ஒரு ஆவணக் காப்பகம் சென்னைக் கம்பெனி ஒன்றின் வழியாக அப்படிப்பட்ட படங்களைத் தொடர்ந்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மொழி ஒரு எழுத்தும் தெரியாது. தெரியாததும் நல்லதுக்குத்தான், கதைக்குள் போய் விழாமல் சத்தத்தை மட்டும் கேட்கலாம். ஏழெட்டுப் படம் ஆனதும் அவற்றில் மூன்றுக்கு இசை ஒரே ஆள் என்று எனக்கே பிடிபட்டுவிட்டது. ஓபரா நாடகக் கொட்டகையில் பழகிய கை அது. பாட்டை நேராக முடிக்க மாட்டார். முடியப்போகிற இடத்தில் நின்று, கதவருகே போன விருந்தாளி திரும்பி வந்து இன்னும் இரண்டு வார்த்தை பேசுகிற மாதிரி ஏதோ வாசித்துவிட்டுத்தான் போவார். அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போனது.

அவரைப் பற்றிக் காப்பகத்துப் பெண்மணி மெயிலில் எழுதுவார். அன்றைக்கு ஒலிப்பதிவுக்கு அங்கே ஒரே ஒரு மைக்தானாம். கேமரா கரகரக்கும் என்பதால் அதை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, கேமராமேனையும் உள்ளேயே உட்கார வைப்பார்களாம். பேச்சும் இசையும் ஒன்றாகவே பதிவாக வேண்டும். அதனால் இசையமைப்பாளர் செட்டின் திரைக்குப் பின்னால் பியானோவோடு உட்கார்ந்திருப்பார். அதே காட்சியைக் காலையில் ஹங்கேரிய மொழியிலும், மத்தியானம் வேறு நடிகர்களை வைத்து ஜெர்மனிலும் எடுப்பார்கள். இவருக்கு மட்டும் மாற்று ஆள் கிடையாது. காலையில் வாசித்ததையே மத்தியானமும் வாசிக்க வேண்டும். நம் ஊரிலும் ஆரம்பத்தில் இந்தக் கூத்தெல்லாம் நடந்ததுதான், மரத்துக்குப் பின்னால் ஆர்மோனியக்காரரை ஒளித்து வைத்த காலம். படித்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். "பாவம், அந்தப் பெட்டிக்குள்ள இருந்தவருக்கு வேர்த்திருக்கும்லா," என்றாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான், யாருக்கு வேர்த்தது என்பதுதான் கணக்கு.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இப்போது இரண்டு நாற்காலி, ஒரு ஆள். தறி ஓடுகிற நேரத்தில்கூட வீடு அமைதியாக இருக்கிறது என்று தோன்றுவதை யாரிடம் சொன்னாலும் காதில் கோளாறு என்பார்கள். கோளாறு காதில் இல்லை. தனியாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஊரான் வீட்டுக் குரலை எல்லாம் பதிந்து பதிந்து துடைத்து வைத்த என்னிடம், அவளுடைய குரல் ஒரு சொல்கூட இல்லை. கல்யாண வீடியோவில் அவள் வாய் அசைகிறது, மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. போனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது அவளைப் பொறுத்தவரை கோமாளித்தனம். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் என்ன எடுத்தேன், எங்கே வைத்தேன் என்று என் போனில் நானே பேசிக் குறிப்பு வைப்பது வழக்கம். அந்தக் குறிப்புகளில் அவள் வந்திருக்கிறாள், நிறையவே வந்திருக்கிறாள். குக்கர் விசிலும், "சாப்பிட வாரியளா"வும், வாசலில் கீரைக்காரியோடு அவள் பேரம் பேசுவதும். தொழில் புத்தி விடுமா? அன்றன்றைக்கே உட்கார்ந்து வெட்டிவிடுவேன். "ஒருநாள் என்னையும் மொத்தமா அழிச்சிருவிய போல," என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த ஹங்கேரியப் படம் வந்த மாதத்தில்தான் அவளைப் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வேலையையும் விட முடியவில்லை, அவளையும் விட முடியவில்லை. லேப்டாப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹெட்போன் மாட்டினால், "அதக் கழத்துங்க, எனக்கும் கேக்கட்டும்," என்பாள். ஸ்பீக்கரில் மெதுவாக வைத்தேன். தொழிலில் அது பாவம். இருந்தாலும் வைத்தேன். அவசர அவசரமாக முடித்து, தவிட்டைக் கேட்காமலே படத்தை அனுப்பினேன். பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. படம் எப்படி இருந்தது என்று அதற்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை.

போன மாதம் காப்பகத்துப் பெண்மணியிடமிருந்து நீளமான மெயில் ஒன்று வந்தது. அந்த இசையமைப்பாளருக்கு ஒரு மகள் இருக்கிறாராம். எண்பது வயதைத் தாண்டியவர், படுக்கையோடு இருக்கிறார். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் யூதர் என்று சொல்லிப் படங்களில் பெயர் போடுவதை நிறுத்தினார்கள், பிறகு போர்க்காலக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனார்கள். ஆள் திரும்பவில்லை. தகப்பனார் பியானோ வாசிக்கும்போது தன்னை அறியாமல் முனகிப் பாடுவாராம். ஒலிப்பதிவுக்காரர் திட்டித் தீர்த்து, கடைசியில் ஒரு கைக்குட்டையைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு வாசிக்கச் சொன்னாராம். ஒரே ஒரு படத்தில், ஒரே ஓர் இடத்தில் கைக்குட்டை நழுவிவிட்டது. உன் அப்பாவின் குரல் உலகத்தில் அந்த இடத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று தாயார் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். மகள் இளவயதில் ஒருமுறை தியேட்டரில் அதைக் கேட்டிருக்கிறார். சாகும் முன் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நீங்கள் சுத்தம் செய்த பிரதியைப் போட்டுக் காட்டினோம், அந்த இடத்தில் குரல் இல்லை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டு மெயில் முடிந்திருந்தது.

மூல ஃபிலிம் பிரதி எடுத்த கையோடு பொடிந்துபோய்விட்டது. சுத்தம் செய்யாத ஒலியை நான் வைத்துக்கொள்வதில்லை, அது சென்னைக் கம்பெனியிடம் இருந்தது, அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். மீதி இருப்பது நான் துடைத்துக் கொடுத்தது மட்டும்தான். ஹங்கேரியில் அத்தனை பேர் சேர்ந்து அழித்தும் மிச்சம் இருந்த மனுஷனை, நான் ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து அழித்திருக்கிறேன். தவிடு எங்காவது இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பத்து நாளில் எதை எங்கே வைத்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. வீட்டில் இருந்த டிஸ்க்குகளை எல்லாம் நான்கு நாள் குடைந்தேன், கிடைக்கவில்லை. பேசி வைத்த குறிப்பு பழைய போனில் இருந்தது. அந்தப் போன் பீரோவில் பேட்டரி உப்பிக் கிடந்தது.

மறுநாள் கரண்டு கிடையாது என்று தெரிந்ததால் அன்றைக்கே தேரடிப் பக்கம் இருக்கும் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் கடையநல்லூர்க்காரர், துபாயில் பத்து வருஷம் இதே வேலை பார்த்தவர். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்டரி ஊதிட்டு அண்ணாச்சி. உள்ள உசுரு இருந்தா இன்ஷா அல்லா வந்துரும். முக்கியமான போட்டோவா?"

"போட்டோ இல்ல. ஒரு சத்தம்."

"யாரு சத்தம்?"

"என் சத்தந்தான்," என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். போனைக் கழற்ற ஆரம்பித்தார். சாயங்காலம் போன் உயிரோடு கைக்கு வந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறி நின்ற பிறகு ஹெட்போனை மாட்டி, அந்த ரீலின் குறிப்பைத் தேடிப் போட்டேன். தூக்கம் கெட்ட என் குரல் வந்தது.

"நாலாவது நிமிஷம், பியானோ முடியுத இடத்துல, அடியில ஒரு முனகல். மெஷின் சத்தம். எடுத்தாச்சு. தவிடு சின்ன டிஸ்க்ல, மருந்து வைக்கிற பையில இருக்கு."

கேட்டிருக்கிறேன். காதில் விழாமல் போகவில்லை. கேட்டு, மெஷின் என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு நிறுத்தப்போன நேரத்தில், பின்னால் இன்னொரு குரல் வந்தது.

"மெஷின் இல்லங்க. யாரோ பாடுதாரு. வாயத் தொறக்காமப் பாடுதாரு, பாவம்."

"ஏட்டி, கொஞ்சம் இரு. வேலையா இருக்கேன்லா."

"சரி."

அவ்வளவுதான் குறிப்பு. அந்த மாதம் எனக்கு எதையும் வெட்ட நேரம் இருந்திருக்கவில்லை.

எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணவில்லை. அழுதேன், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது. அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். உடம்புக்கு முடியாமல், லேப்டாப்பின் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டு, வாயைத் திறக்காமல் ஒருவர் பாடுகிறார் என்று கண்டுபிடித்தவளிடம் நான் கொஞ்சம் இரு என்று சொல்லியிருக்கிறேன். அவளும் இருந்தாள்.

மருந்துப் பையை அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் திறந்ததே இல்லை. பரண்மேல் கிடந்தது. எடுத்தேன். காலாவதியான மாத்திரை அட்டைகளுக்கு அடியில் சின்ன டிஸ்க் இருந்தது. தவிட்டைப் போட்டால் முதலில் கரகரப்பு, அப்புறம் பூஞ்சையின் படபடப்பு, அதற்கும் நடுவில் ஒரு ஆண், ஏழு வினாடி, தன் பாட்டை விட்டுப் போக மனமில்லாதவராக முனகிக்கொண்டிருந்தார். கைக்குட்டை நழுவியதை அவர் கவனித்த இடமும் தெரிந்தது, டக்கென்று நின்றுவிடுகிறார். மாலை கரண்டு வரும் முன் அந்த ஏழு வினாடியைப் படத்தில் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன். சுற்றியிருந்த கரகரப்பைக்கூட முழுக்க எடுக்கவில்லை. கை வரவில்லை.

காப்பகத்துக்கு அனுப்பும்போது கூடவே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில், ஒலியை அடையாளம் கண்டவர் யார் என்று கேட்டிருந்தது. இதுவரை எல்லாப் படிவத்திலும் அங்கே என் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை அவள் பெயரை எழுதி, பக்கத்தில் என் மனைவி என்று போட்டேன். வேறு எதுவும் எழுதவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த அம்மாளின் கட்டிலுக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்களாம். மூன்று முறை கேட்டுவிட்டு, அப்பாவுக்குச் சுருதியே சேரவில்லை என்று சிரித்தாராம். பிறகு படிவத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, இந்தியாவில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு என் நன்றியை அவர் கணவரையே நேரில் சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம்.

சொல்லிவிடுகிறேன் என்று பதில் போட்டேன்.