படகில் உட்கார்ந்திருந்த கொத்தனார்

என் கணவர் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த அந்த வாரம், வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் பக்கத்துக் கூரம் கிராமத்துக் கொத்தனார் ஒருவர் உட்கார்ந்திருப்பார். உள்ளே அவருடைய மனைவி. நகக்கண்ணில் சிமெண்ட், கையில் சின்னப் புதிய ஏற்பாடு. ஒரு வரி படிப்பார். விரலை உள்ளே வைத்தபடி மூடி, வெகுநேரம் கண்மூடியிருப்பார். நானும் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண்தான். ஆனால் பயத்தில் திருப்பாடல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கேட்டேன்: "எதுவரைக்கும் படிச்சீங்கண்ணே?"

"அதே எடந்தாம்மா. புயல் அடிக்கும்போது ஏசு படகுல தூங்குறாரு இல்ல? நானும் அந்தப் படகுல உக்காந்துக்கினு இருக்கேன்."

"எழுப்புங்கண்ணே!"

"எழுப்பத்தான் கிட்ட போறேன். அவரு மூஞ்சியப் பாத்தா பயம் போய்டுது. அப்டியே உக்காந்துடுறேன்."

நானும் புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். அந்த வாரத்தில் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். இப்போது நினைத்தாலும் மனசு இளகுகிறது.

இரண்டு நாள் கழித்து என் கணவரை வார்டுக்கு மாற்றினார்கள். அதே காலையில் கொத்தனாரின் மனைவி இறந்துபோனார். வாசலில் ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்றவரிடம் போனேன்.

அவரே முந்திக்கொண்டு, "உங்க வூட்டுக்காரு எப்டிம்மா இருக்காரு?" என்றார்.

வார்டுக்கு மாற்றியதைச் சொன்னேன். அழுத கண்ணோடு அவர் முகம் மலர்ந்தது. அந்த நேரத்தில் அவரால் அது எப்படி முடிந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.