பூக் கேட்டு எழுதிய பரீட்சை

பழனாயிக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் என்னோடு, தைத்து வரும் பீஸ்களைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் இருந்தாள். மகளுக்கு வரன், வாங்கப்போகும் எருமை, எதுவானாலும் மாரியம்மனிடம் பூக் கேட்காமல் முடிவு செய்ய மாட்டாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஆத்தா சரி என்கிறாள், சிவப்பென்றால் வேண்டாம் என்கிறாள். கேட்டவர் எடுக்கக் கூடாது, வேறு யாராவது எடுக்க வேண்டும்.

2006இல் அருள்குமார் என்று ஒரு புது மேனேஜர் வந்தார். யாருக்கு எவ்வளவு புத்தி என்று பரீட்சை வைத்து அளக்கப்போவதாகச் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் சரி, தவறு என்று டிக் அடித்தால் போதும். முதலில் வருபவர் சூப்பர்வைசர். பெயிலானால் அயர்னிங் செக்‌ஷன், நாள் முழுக்க ஆவியில் நிற்க வேண்டும்.

எங்களில் ரோஸ்மேரி மட்டும்தான் பிளஸ் டூ. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். மூச்சிரைப்பு இருப்பதால் அந்த ஆவி அவளுக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் அவள் பெயிலாவாள் என்று யார் நினைத்தது? பயமெல்லாம் எங்களுக்குத்தான். நான் அஞ்சாம் கிளாஸ், பழனாயி ரெண்டு.

பேப்பர் வந்ததும் பழனாயி மடியிலிருந்து பொட்டலங்களை எடுத்து, டேபிளுக்கு அடியில் பக்கத்திலிருந்த ரோஸ்மேரியிடம் நீட்டினாள்.

"ஒண்ண எடு கண்ணு."

"என்னக்கா இது, பரீச்சையிலயா! யேசப்பா கோவிச்சுக்கிட மாட்டாரா?"

"அவரு பெரிய மனசுக்காரரு. நீ எடு."

ரோஸ்மேரிக்கு இளகின மனசு, மாட்டேன் என்று சொல்ல வராது. கேள்விக்குக் கேள்வி குலுக்குவதும் எடுப்பதும் பிரிப்பதும் மடிப்பதுமாகப் போனது. அவள் தன் பேப்பரில் பாதியைத் தாண்டுவதற்குள் பெல் அடித்துவிட்டது.

பழனாயி முதலாவது. நான் எப்படியோ கரையேறிவிட்டேன். ரோஸ்மேரி பெயில்.

அருள்குமார் மாலை போடாத குறைதான். "இவ்வளவு அறிவு உங்களுக்குள்ள ஒளிஞ்சிருந்தது இந்த டெஸ்ட்டுலதாங்க தெரிஞ்சுது."

"எனக்கே இப்பத்தானுங்க தெரியும்" என்றாள் பழனாயி.

அதற்குள் ரோஸ்மேரி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி அயர்னிங் பக்கம் நடந்தாள். பழனாயிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சார், அந்தப் புள்ளைய இங்கயே உட்டுருங்க."

"அதெப்படிங்க? அறிவு பத்தாதுன்னு டெஸ்ட்டே சொல்லுதே."

"என்னைய என்னன்னு சொல்லுச்சுங்க?"

"புத்திசாலின்னு."

"அந்தப் புத்திசாலிதானுங்க சொல்றன், அவளுக்கு நல்ல அறிவுன்னு. நாஞ் சொல்றது தப்புன்னா உங்க டெஸ்ட்டும் தப்புங்க."

அருள்குமார் பழனாயியின் பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"வரச் சொல்லுங்க."

ரோஸ்மேரி திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டாள். "யேசப்பா, மாரியாத்தாகிட்ட நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லிருங்க."

"சாமிக அவுங்களே பேசிக்குவாங்க. நீ பீஸப் பாரு கண்ணு" என்று அதட்டினாள் புது சூப்பர்வைசர்.